பாட்ஸி டோலன் வீட்டுக் குழாய்

அட்ராக்டா ஃபோலியின் தலை முழுக்க ஷாம்பு நுரையாக இருந்த நேரத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. கைக்குழாய் ஒருமுறை இருமியது, கொஞ்சம் காற்றைத் துப்பியது, அவ்வளவுதான். டெர்வ்லா ஹெராட்டி குழாயை மூடித் திறந்து பார்த்தாள். சமையலறைக்கு ஓடிப்போய் அங்கேயும் திறந்து பார்த்தாள். அங்கேயும் இல்லை. அவள் திரும்பி வந்தபோது அட்ராக்டா பேசினில் கழுத்தை வைத்தபடி, கண்களை இறுக மூடிக்கொண்டு, கொஞ்சமும் பதறாமல் படுத்திருந்தார்.

"மல்லாக்கி மாட்டுத் தொட்டிய ரொப்புறான்போல," என்றார்.

டெர்வ்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மல்லாக்கி கில்மார்ட்டின் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் விவசாயி. அவருடைய மாட்டுத் தொட்டிக்கும் தன்னுடைய முடி வெட்டும் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

"இது அவன் வீட்டுத் தண்ணிதானேம்மா," என்றார் அட்ராக்டா. "உனக்குத் தெரியும்னுல்ல இருந்தேன்."

இதைச் சொன்னவர் ஊரில் யாரோ ஒருத்தி இல்லை. ஊர்க்காரர்களே காசு போட்டு நடத்துகிற க்ளூன்பாரா கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் செயலாளர். எந்த வீட்டுக்கு எந்தக் குழாய் எந்த வயல் வழியாகப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர். டெர்வ்லா கடை திறந்த நாளிலிருந்து தவறாமல் வருகிற வாடிக்கை. ஒவ்வொரு முறையும் இதே பேசினில்தான் தலையைச் சாய்த்திருக்கிறார். மருமகளைப் பற்றி, மூட்டு வலியைப் பற்றி, புதுப் பாதிரியாரின் பிரசங்கம் நீளமாக இருப்பதைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறார். இதை மட்டும் சொன்னதில்லை.

கெட்டிலில் மிச்சமிருந்த வெந்நீரில், வெளியே பீப்பாயில் கிடந்த மழைத் தண்ணீரைக் கலந்து எப்படியோ நுரையை அலசிவிட்டாள் டெர்வ்லா. அட்ராக்டா வழக்கமான காசையும் மேலே கொஞ்சத்தையும் வைத்துவிட்டு, "மல்லாக்கியப் போய்ப் பாரு, நல்ல மனுஷன்தான்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். ஏதோ சின்ன ஊர்ச் செய்தியைச் சொன்ன மாதிரி இருந்தது அவர் போன தினுசு.

டெர்வ்லாவுக்கு நாற்பத்து மூன்று வயது. ஸ்லைகோ நகரத்தில் அடுத்தவர் கடையில் நின்றே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். வீட்டுக்காரர்கள் வீட்டை விற்கும்போதெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு வாடகை வீட்டுக்குப் போனவள். சேர்த்த பணத்தோடு கடன் சங்கத்தில் வாங்கியதையும் போட்டு, குளிர்காலம் முடிகிற சமயத்தில் பாட்ஸி டோலனின் பழைய வீட்டை வாங்கினாள். பாட்ஸி கல்யாணம் செய்துகொள்ளாத தனிக்கட்டை. அவர் இறந்தபின் வீடு டப்ளினில் இருந்த அண்ணன் மகன் சீரனுக்கு வந்தது. அவன் விற்பனைக்குப் போட்டான்.

வாங்குவதற்கு முன் அவள் கவனமாகத்தான் இருந்தாள். கூரையைப் பார்த்தாள், புகைபோக்கியைப் பார்த்தாள், சுவரில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தடவிப் பார்த்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. வந்துகொண்டிருக்கிற தண்ணீரைப் பார்த்து, நீ எங்கிருந்து வருகிறாய் என்று யார் கேட்பார்கள்? அவளுடைய வக்கீல் முறைப்படி கேட்டிருந்தார். தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வருகிறது என்று விற்பவர் தரப்பில் பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் வீட்டை ஒட்டியிருந்த மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்து, தரை போட்டு, இரண்டு நாற்காலியும் ஒரு பேசினும் வைத்துக் கடை திறந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு பலகை மாட்டினாள்.

அன்று மாலை மல்லாக்கியைப் பார்க்கப் போனாள். அறுபதைத் தாண்டியவர். வாயிற்கதவுமேல் கையை வைத்துக்கொண்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக மழையில்லாததால் மாடுகள் தொட்டியைக் காலி செய்துகொண்டே இருந்தன. அவள் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் திட்டம் வந்தபோது பாட்ஸி சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வானத்திலிருந்து சும்மா விழுகிறதுக்கு நான் ஏன் காசு கொடுக்கணும் என்பது அவர் கட்சி. பிறகு அவருடைய கிணறு கெட்டுப்போனது. மல்லாக்கியின் அப்பா இரக்கப்பட்டு, தன் இணைப்பிலிருந்து ஒரு மெல்லிய குழாயை வேலிக்கடியில் விட்டுக் கொடுத்தார். அந்தக் குழாய்தான் இது.

காசு வேண்டுமானால் தருகிறேன், இப்படியே இருக்கட்டும் என்றாள் டெர்வ்லா. மல்லாக்கி தலையை ஆட்டினார். காசு ஒரு விஷயமே இல்லை. ஒரு மீட்டரில் இரண்டு வீடு ஓடக்கூடாது என்பது திட்டத்தின் விதி. பாட்ஸி இருந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. கடை என்று ஒன்று வந்தபிறகு கமிட்டியில் இரண்டு பேர் முணுமுணுக்கிறார்கள். அதோடு அவருடைய மகன் புதுசாகப் பால் கறக்கும் கூடம் கட்டுகிறான், அதற்கே தண்ணீர் போதாது. செப்டம்பர் முடிய விட்டுவைப்பதாகவும், அதற்குப்பின் குழாயை அடைத்துவிடப் போவதாகவும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவே சொன்னார்.

"எங்கப்பா பாட்ஸிக்குக் குடுத்தாரும்மா. வீட்டுக்குக் குடுக்கல," என்றார்.

"நான் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே. ஒருத்தன் வீட்ட விக்கும்போது குறுக்க போய் நிக்க நான் யாரு?"

அவள் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அவர் சொன்னதில் தப்பில்லை போலவும் இருந்தது. பெரிய தப்பு இருக்கிற மாதிரியும் இருந்தது.

அதற்கப்புறம் டெர்வ்லா போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் அவளை இன்னும் குழப்பினார்கள். புது இணைப்பு வேண்டுமானால் சாலையோரமாகப் போகிற பெரிய குழாயிலிருந்து சந்து வழியாகப் பாறையை உடைத்துக்கொண்டு வர வேண்டும். சாலையைத் தோண்ட அனுமதிக் கட்டணம், திட்டத்தில் சேரும் கட்டணம், தோண்டுகிறவன் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு நல்ல கார் வாங்கிவிடலாம். அதை யார் கொடுப்பது? விற்றவன்தான் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீல். அடுத்த மூச்சிலேயே, ஆனால் அவன் பொய் சொல்லவில்லையே என்றார். தண்ணீர் திட்டத்திலிருந்துதானே வருகிறது. மல்லாக்கி வழியாக வருகிறதா நேராக வருகிறதா என்று நாம் கேட்கவில்லையே. வழக்குப் போடலாம், ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம். எப்படி முடிந்தாலும் வழக்குச் செலவு இணைப்புச் செலவைத் தாண்டிவிடும் என்று சொல்லிக் கையை விரித்தார்.

டப்ளினில் இருந்த சீரனுக்கு போன் செய்தாள். அவன் மிகவும் மரியாதையாகப் பேசினான். சின்ன வயதிலிருந்து லீவுக்கு வந்து அந்தக் குழாயில்தான் தண்ணீர் குடித்தானாம். சித்தப்பா வீட்டுக் குழாயில் வருவது சித்தப்பா வீட்டுத் தண்ணீர் என்றுதான் நினைத்தானாம். நினைத்தது குற்றமா என்று கேட்டான். அவளுக்கு அதுவும் நியாயமாகவே பட்டது. போனை வைத்தபிறகுதான் அவன் மேல் ஆத்திரம் வந்தது. அதுவும் எதற்கென்று பிடிபடவில்லை.

ஊர் மண்டபத்தில் கமிட்டி கூடியது. டெர்வ்லாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். திட்டம் தொடங்கியபோது அரசு மானியம் வாங்க ஊரிலிருந்த எல்லா வீட்டையும் கணக்குக் காட்டினோம், பாட்ஸி வீடும் அதில் உண்டு, ஆகையால் அந்த வீட்டுக்கு இணைப்பு உரிமை உண்டு என்றார் ஒருவர். பாட்ஸி சேர்க்கைக் காசு கட்டவில்லை, ஆகையால் உரிமை போய்விட்டது என்றார் பொருளாளர். உரிமை ஆளுக்கா, மண்ணுக்கா என்று மூன்றாமவர் கேட்டார். மல்லாக்கியின் அப்பா யாரைக் கேட்டுக் குழாய் விட்டார் என்று ஒரு குரல் கிளம்பியது. செத்துப்போனவரை ஏன் இழுக்கிறீர்கள் என்று மற்றொரு குரல் அதட்டியது. மல்லாக்கி கடைசி வரிசையில் தொப்பியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அட்ராக்டா எல்லாருடைய பேச்சையும் ஒரே வரியில் அடக்கினார்.

"ஆக, வீடு கணக்குல இருக்கு. குழாய்தான் இல்ல. அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்."

டெர்வ்லா வீட்டுக்கு வந்து கடை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள். எல்லாரும் ஆளுக்கொரு விதத்தில் சரியாகவும் பேசினார்கள். நடுவில் அவள் மட்டும் எப்படி மாட்டிக்கொண்டாள் என்பதுதான் விளங்கவில்லை.

ஜூலையில் வெயில் இன்னும் ஏறியது. தண்ணீர் வருவதும் நிற்பதுமாக இருந்தது. சாயம் பூசிய தலையை அலச முடியாமல் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி அனுப்ப வேண்டி வந்தது. அந்தப் பெண் அழுதாள். அவளுடைய அம்மா காசு கொடுக்க மறுத்துவிட்டுப் போனாள். அந்தச் செய்தி பரவியதும் வாடிக்கை குறையத் தொடங்கியது. வந்தவர்களும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அனுதாபத்தோடு ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள், உனக்குத் தெரியும்னுதான் நினைச்சோம் என்று. தபால்காரர் மனைவி சொன்னாள். பள்ளிக்கூட வாத்தியாரம்மா சொன்னாள். மாதா கோயிலில் பூ வைக்கிற பெண்கூடச் சொன்னாள். ஊருக்கே தெரிந்திருந்தது. காசு கொடுத்து வாங்கியவளுக்கு மட்டும் தெரியவில்லை.

ஆகஸ்டில் அவள் முடிவு செய்தாள். விற்றுவிட்டுப் போய்விடுவது. தனக்கு விற்றுக் கொடுத்த அதே தரகரிடம் போனாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்றான். செப்டம்பர் வரை தண்ணீர் வரத்தானே போகிறது? அதற்குள் முடித்துவிடலாம். கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம், கேட்காதவரை வாயைத் திறக்க வேண்டாம். குளித்து முடித்துப் போட்ட சட்டை மாதிரி சுத்தமாக இருந்தது அவன் யோசனை. டெர்வ்லா ஒத்துக்கொண்டாள். தான் இழந்ததைத் திரும்ப எடுப்பதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஒரு தம்பதி வீடு பார்க்க வருவதாகத் தரகர் சொன்னதும், மல்லாக்கியின் வாசலுக்குப் போனாள். அன்று காலை மட்டும் மாட்டுத் தொட்டியை நிரப்பாமல் இருக்க முடியுமா என்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சனிக்கிழமைதானே, அதுக்கென்ன. வெள்ளிக்கிழமையே ரொப்பி வச்சிடறேன்," என்றார் மல்லாக்கி. பிறகு சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். "சீரனும் இப்படித்தான் கேட்டான்."

"எப்ப?"

"நீ வீடு பாக்க வந்தியே, அதுக்கு மொத நாள். டப்ளின்லேர்ந்து போன் பண்ணான்."

சீரனுக்குத் தெரிந்திருக்கிறது. சித்தப்பா வீட்டுத் தண்ணீர் என்று அவன் சொன்னதெல்லாம் நடிப்பு. இத்தனை நாளும் அவள் தேடிக்கொண்டிருந்த ஆதாரம் இதோ, மாட்டுச் சாணி மணக்கும் இந்த வாசலில், மல்லாக்கியின் வாயிலிருந்து வந்து விழுந்திருக்கிறது. இதை வக்கீலிடம் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். பாட்ஸி குடும்பத்துக்கு எதிராக நான் வாய் திறக்க மாட்டேன், என்னை அதில் இழுக்காதே என்று சொல்லிவிட்டு மல்லாக்கி உள்ளே போனார்.

சந்து வழியே திரும்பி நடந்தபோது சீரனைத் திட்டிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் திட்டு நின்றுபோனது. அவன் கேட்டதைத்தானே இப்போது நானும் கேட்டுவிட்டு வருகிறேன்? அவன் போனில் கேட்டான், நான் நேரில் போய்க் கேட்டேன். இல்லை, அவன் ஏமாற்றியவன், நான் ஏமாந்தவள் என்று மனம் வாதாடியது. ஏமாந்தவள் ஏமாற்றினால் அதற்கு வேறு பெயரா என்று அதே மனம் திருப்பிக் கேட்டது. வீடு வந்து சேர்ந்தும் அது தீரவில்லை. அவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று ஒரு சமாதானத்துக்கு வந்தாள்.

சனிக்கிழமை வந்தவர்கள் பிரேசில்காரர்கள். வாக்னர், அவன் மனைவி ஜிசெல்லி. இருவருக்கும் பக்கத்து டவுன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இந்த நாட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது என்றாலும் பேச்சு கொஞ்சம் தட்டித் தட்டித்தான் வந்தது. நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள், மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள் மாதிரி. வாக்னர் கூரைக் கட்டைகளைத் தட்டிப் பார்த்தான். ஜிசெல்லி தோட்டத்தில் கோழி வளர்த்தால் அக்கம்பக்கத்தில் யாராவது சண்டைக்கு வருவார்களா என்று கேட்டாள். படுக்கையறை ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று இருவரும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டது கை அசைவிலேயே தெரிந்தது.

தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை.

தரகர் வெளியே காரில் சாய்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். ஜிசெல்லி சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்தாள். தண்ணீர் பீறிட்டு வந்தது. டெர்வ்லா இந்த வீட்டுக்கு வந்தபிறகு அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. ஜிசெல்லி கையை அடியில் நீட்டி, சட்டையில் தெறித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க ஃபிளாட்ல சொட்டுச் சொட்டா வரும். இங்க எவ்ளோ வேகம் பாருங்க."

கேட்டால் சொல்லலாம் என்று டெர்வ்லா செய்துவைத்திருந்த சமாதானம் அந்தச் சிரிப்பில் உடைந்தது. இவர்கள் எப்படிக் கேட்பார்கள்? இப்படி ஒன்று இருக்கிறதென்று தெரிந்தால்தானே கேட்பதற்கு? இந்த நாட்டுக்காரியான அவளுக்கே தெரியவில்லையே.

"இன்னிக்கு மட்டும்தான் இப்படி வரும்," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மல்லாக்கியின் குழாய், கமிட்டி, செப்டம்பர், இன்று காலை தொட்டியை நிரப்பவேண்டாம் என்று தான் கேட்டுக்கொண்டது வரை எதையும் விடவில்லை. அவர்களுக்குப் புரியாத இடங்களில் மறுபடியும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஜிசெல்லி சட்டென்று கையை நீட்டிக் குழாயை மூடினாள், அடுத்தவர் தண்ணீரை வீணடித்துவிட்ட மாதிரி.

வாக்னருக்குத்தான் குழப்பமாக இருந்தது. "எங்களுக்கு வீடு புடிச்சிருந்துச்சு. வாங்கியிருப்போம். அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"தெரியலைங்க," என்றாள் டெர்வ்லா. "நேத்து வரைக்கும் நானா சொல்ற எண்ணம் இல்ல."

அவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். விஷயம் தெரிந்ததும் தரகரின் முகம் சிவந்தது. உனக்காக நான் பட்ட பாட்டை இப்படிக் கெடுத்துவிட்டாயே, இனி இந்த வீட்டை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் நட்டிருந்த விற்பனைப் பலகையைத் தானே பிடுங்கிக் காரில் போட்டுக்கொண்டு போனான். டெர்வ்லாவுக்கு நிம்மதி வரவில்லை. நல்ல காரியம் செய்தேனா, இல்லை கடைசியாகக் கிடைத்த வழியையும் என் கையாலேயே அடைத்துக்கொண்டேனா என்று தெரியாமல் அன்று முழுக்க வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து மல்லாக்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டீ கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் தொட்டிய ரொப்பலையேம்மா. தண்ணி நல்லாத்தானே வந்திருக்கும்?" என்று கேட்டார்.

நன்றாகவே வந்தது, தான்தான் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கு முன்பே தெரியும் என்பது பிறகு வெளிவந்தது. அந்தத் தம்பதி திரும்பிப் போகும் வழியில் அவருடைய வாசலில் காரை நிறுத்தியிருக்கிறார்கள். ஜிசெல்லி இறங்கி வந்து, அடுத்த வீட்டு அம்மா ரொம்ப நல்லவர், எங்களுக்குத் தெரியாததைக் கூப்பிட்டுச் சொன்னார், அவருக்குப் பக்கத்து வீடென்றால் நீங்களும் நல்லவராகத்தான் இருப்பீர்கள், பக்கத்தில் வேறு ஏதாவது வீடு விலைக்கு வந்தால் சொல்லுங்கள் என்று கைகொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு கிண்டல் பண்ணலம்மா. மனசாரச் சொல்லுச்சு. அதுதான் குத்துது," என்றார் மல்லாக்கி. "ராத்திரி சாப்பாடு எறங்கல. நீ வீடு பாக்க வந்த அன்னிக்கு நான் வேலியோரம்தான் நின்னேன். நீ கைகூட ஆட்டின. நானும் ஆட்டினேன். அவ்வளவுதான் பண்ணேன்."

டீ ஆறிவிட்டது. எழுந்திருக்கும்போது அவர், வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றார். சீரன் போன் செய்ததைச் சொல்கிறேன் என்றார். பாட்ஸி இருந்தால்கூட அதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பார் என்று சேர்த்துக்கொண்டார். அது அவளுக்கான சமாதானமா அவருக்கானதா என்று தெரியவில்லை.

அக்டோபரில் திட்டத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. மழை திரும்ப வந்துவிட்டதால் எல்லாருடைய கோட்டிலிருந்தும் ஈரம் சொட்டியது. அதற்குள் சில காரியங்கள் நடந்திருந்தன. மல்லாக்கி சொன்னதை எழுதி வக்கீல் அனுப்பியதும் சீரன் ஒரு தொகையை அனுப்பியிருந்தான். தப்பு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, சித்தப்பாவின் நினைவாக அனுப்புவதாக எழுதியிருந்தான். அதனால் பாதிச் செலவுகூட அடையாது. சந்துப் பாறையை உடைக்க வேண்டாம், என் வயல் வழியாகவே குழாயைப் பதித்துக்கொள்ளலாம் என்றும், பள்ளம் தோண்டத் தன் மகன் இயந்திரத்தை ஓட்டுவான் என்றும் மல்லாக்கி சொல்லியிருந்தார். அது முடியும்வரை பழைய குழாயை அடைக்காமல் விட்டிருந்தார். சேர்க்கைக் கட்டணம் மட்டும் யாருடையது என்பதில் பழையபடி பேச்சு முட்டியது. உரிமை ஆளுக்கா மண்ணுக்கா என்று அதே ஆள் அதே கேள்வியைக் கேட்டார். ரொம்ப நேரம் பேசிவிட்டு, களைத்துப்போய், பாதியைத் திட்டம் ஏற்கும், மீதியை டெர்வ்லா தவணையில் கட்டலாம் என்று முடித்தார்கள். யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் இன்றுவரை அந்த ஊரில் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் மல்லாக்கி கையைத் தூக்கினார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. திட்டத்துக்குள் எந்த வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டாலும், பார்க்க வருகிறவர்களுக்கு அந்த வீட்டுத் தண்ணீர் எப்படி வருகிறதென்று செயலாளரே போய்ச் சொல்லவேண்டும், அதை விதியாக எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. நாளைக்கு நானும் என் வீட்டை விற்பேன், அன்றைக்கு அட்ராக்டா வந்து என் பிழைப்பில் மண்ணைப் போடவா என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். பொருளாளர் எழுந்து, கேட்டால் சொல்லுவோம், கேட்காதவர்களிடம் தேடிப்போய்ச் சொல்வது நம் வேலையா என்றார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த அட்ராக்டா யார் பக்கமும் பார்க்காமல் குனிந்திருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

டெர்வ்லா எழுந்தாள். பேசுவதற்கு அவள் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"வாங்கறவங்க குழாயத் தொறந்து பாத்தா மட்டும் போதாது, எங்கேர்ந்து வருது, யார் பேர்ல வருதுன்னு கேக்கணும். நான் கேக்கல, அது என் தப்பு," என்றாள். "ஆனா கேக்கணும்னே தெரியாதவங்க இருப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சவங்கதான் சொல்லணும். அவ கேக்கல, நான் சொல்லலன்னு சொல்றதுல பொய்யே இல்ல. ஆனா ஏமாத்தறதுக்கு அது போதும். நான் இந்த ஊர்ல ஏமாந்தேன். அப்புறம் நானே ரெண்டு பேர ஏமாத்தப் பாத்தேன். ரெண்டுக்கும் யாரும் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கல. எல்லாரும் சும்மா இருந்தாலே போதும்னு இருந்துச்சு."

சிரித்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். அட்ராக்டா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, யாரும் ஓட்டுப் போடும் முன்பே, அந்த விதியை எழுதத் தொடங்கினார்.